உங்களுக்குத் தெரியுமா? பச்சிளங்கண்ணுக்கு ஒரு புற்றுநோய் மருந்து

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் சில சமயம் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்கின்றன. கவனிக்காவிட்டால் விழித்திரையே பிரிந்து பார்வை போய்விடலாம். நெடுங்காலமாக லேசர்தான் சிகிச்சையாக இருந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு வந்த பெவாசிசுமாப் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தி, லேசருடன் ஒப்பிட்டு அமெரிக்காவில் 150 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. லேசர் பெற்ற கண்களில் 22 சதவீதத்தில் நோய் திரும்பியது; ஊசி பெற்றவற்றில் 4 சதவீதத்தில் மட்டுமே. ஆனால் விழித்திரையின் நடுப்பகுதி நோயில்தான் இந்த வித்தியாசம் உறுதிப்பட்டது. மருந்து ரத்தத்திலும் கலப்பதால், வளரும் உடலுக்கு அது தீங்கற்றதா என்று சொல்ல அந்த ஆய்வு போதாது. ஊசி போட்ட பிறகும் மாதக்கணக்கில் கண்காணிப்பு தேவை.

34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்துவிடுங்கள்.