யானையா, பன்றியா? விளக்கு சொல்லும்!

வாருங்கள், உள்ளே வாருங்கள்! கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் திரையையும் இழுத்துவிடுங்கள். வெளி வெளிச்சம் ஒரு கீற்றுகூட வேண்டாம். இன்று மேசைக்கு வந்திருப்பது யார் தெரியுமா? பிரிட்டிஷ் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் 1911 வெள்ளி ரூபாய்! நாணயம் சேர்ப்பவர்கள் ‘பன்றி ரூபாய்’ என்பார்களே, அதேதான்!

அரசரின் அங்கிமேல் கிடக்கும் ஆரத்தில் குட்டியூண்டு யானை ஒன்று உண்டு. தும்பிக்கை குட்டையாகப் போனதால் அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம் மக்களிடையே எதிர்ப்பு கிளம்பியது. அரசு வெளியீட்டை நிறுத்திப் பெரும்பாலான நாணயங்களை உருக்கிவிட்டு, 1912-இல் திருத்திய யானையோடு புதிதாக அச்சடித்தது. உலைக்குத் தப்பிய ஒன்று இதோ, நம் கண்ணெதிரே! மொத்த நாணயமே 30.5 மில்லிமீட்டர்தான். அதற்குள் இருக்கும் யானையை யானையாகவே படத்தில் காட்ட வேண்டும். அதைச் செய்வது கேமரா இல்லை, விளக்கு!

முதலில் மேடை. ஸ்டாண்டில் கேமரா குனிந்து நிற்கிறது, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸோடு. நாணயத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே விளக்கு எட்டிப் பார்க்க இடம் வேண்டுமே, அதற்குத்தான் இந்த நீள லென்ஸ். கேமராவும் நாணயமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா? நாணயம் வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை வையுங்கள். கேமராத் திரையின் நட்டநடுவில் லென்ஸின் பிம்பம் விழுந்ததா? ஆஹா, கச்சிதம்! இனி நாணயத்தை விளிம்பில் பிடித்து ஒரு பாட்டில் மூடிமேல் ஏற்றுங்கள். பின்னணி கீழே போய் மங்கிவிடும்; நாணயம் மட்டும் மிதக்கும்!

இப்போது விளக்கு! நிறத்தைத் திரிக்காத எல்.இ.டி. இரண்டு. முன்னால் டிரேசிங் பேப்பர் கட்டிப் பார்ப்போமா? ஐயோ, வெள்ளி செத்துச் சாம்பல் பூத்துவிட்டது! கழற்றுங்கள் பேப்பரை. கடிகாரத்தில் 10 மணியும் 2 மணியும் இருக்கும் திசைகளில் விளக்குகளை லென்ஸை ஒட்டி உயரமாக நிறுத்துங்கள். பார்த்தீர்களா, மின்னல் சுழல்வதை! அச்சு அழுத்தியபோது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்தது. அப்போது விழுந்த நுண்ணிய கோடுகள்தாம் இப்படி ஒளியை வாங்கி வீசுகின்றன.

அடுத்தது, நான் காத்திருந்த நொடி. ஒரு விளக்கை மட்டும் மெல்ல மெல்லத் தாழ்த்துங்கள். இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்கள்! தும்பிக்கையின் ஓரத்தில் மயிரிழை நிழல் விழுந்துவிட்டது. யானை! சந்தேகமே இல்லை, யானை! தேய்ந்த நாணயமானால் விளக்கை இன்னும் தாழ்த்தலாம். பளபளப்பு குறையாததென்றால் உயர்த்தலாம். படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து மட்டும் ஒளி வரவே கூடாது. மேடெல்லாம் பள்ளமாகத் தெரியும். அரசரின் கன்னம் குழிந்துபோகும்!

கேமராவின் எண்களுக்கு ஒரே மூச்சு போதும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ரா கோப்பு. இவ்வளவு நெருக்கத்தில் எஃப் 16-க்குப் போனால் ஒளி சிதறி நுணுக்கம் குழையும். சாம்பல் நிற அட்டையை வைத்து வெள்ளைச் சமநிலையைக் கையாலேயே குறியுங்கள். ஷட்டரை ஹிஸ்டோகிராம் பார்த்து வையுங்கள்: வெள்ளியின் மின்னல் வலது சுவரில் மோதக் கூடாது. நாணயம் அசையப் போவதில்லை, மெதுவான வேகமே போதும். இரண்டு விநாடி டைமர், கையை எடுங்கள், கிளிக்!

கண்ணாடிபோல் மினுக்கும் ப்ரூஃப் நாணயத்துக்கு வேறொரு வித்தை. லென்ஸுக்குக் கீழே மெல்லிய கண்ணாடித் தகட்டை 45 டிகிரி சாய்த்துப் பக்கவாட்டில் விளக்கடித்தால், ஒளி திரும்பி நேராக நாணயத்தின்மேல் இறங்கும். இந்தப் பளபளப்போடு மல்லுக்கட்டாமல், அந்தக் காலத்துப் பட்டியல் நூல்களுக்குப் பிளாஸ்டர் அச்சு வார்த்து அதைத்தான் படம் எடுத்தார்கள். நமக்கோ அந்தப் பளபளப்பே வேண்டும்!

ஒரே ஒரு கெஞ்சல்: படத்துக்காக நாணயத்தைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். அந்த நுண்கோடுகள் போனால் எந்த விளக்கும் திருப்பித் தராது.

சரி, புரட்டுங்கள்! மறுபக்கத்தில் ரோஜா, தாமரை, பாரசீக எழுத்தில் ‘ஒரு ரூபாய்’. தும்பிக்கைக்குப் பொருந்திய ஒளி இந்த இதழ்களுக்குப் பொருந்தாது. விளக்கைக் கையில் எடுங்கள், முதலிலிருந்து தொடங்கலாம்!