பெரட்டுக் களத்துப் புகையிலையும் பேரன் கை வேப்பும்

புஞ்சாக் ஆலாம் இன்று அடுக்குமாடி நகரம். சுற்றிலும் ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் என்று தோட்டக்காடாய் இருந்த காலத்தில், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்குக்கு, போகிறவர்கள் வாயில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு ஒரு துண்டுப் புகையிலையும் இருக்கும். போட்டால்தான் உடம்பில் ஓட்டம் வரும் என்பார்கள். ஓட்டம் வந்தது உண்மை. ஆனால் அதைக் கொடுத்தது அவர்களுடைய அட்ரீனல் சுரப்பி. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருப்பது.

நிக்கோட்டின் என்பது, பூச்சி தன்னைத் தின்னாமலிருக்கப் புகையிலைச் செடி தயாரிக்கும் நஞ்சு. அட்ரீனலின் உட்பகுதிச் செல்களில் பூட்டுப்போன்ற ஏற்பிகள் உண்டு. ஆபத்து வந்தால் நரம்பு அசிட்டைல்கோலினை அனுப்பும். அது ஏற்பியில் பொருந்தியதும் செல் அட்ரினலினை இரத்தத்தில் கொட்டும். நிக்கோட்டின் அந்தப் பூட்டுக்குக் கள்ளச்சாவி. புலியைப் பார்க்காமலே உடம்பு புலிக்குப் பயப்படுகிறது: நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது. சுண்ணாம்பின் காரம் நிக்கோட்டினைக் கன்னத்துச் சதை வழியே இன்னும் வேகமாக உள்ளே அனுப்பும்.

இதில் ஒரு சிக்கல். டாக்டர் “சிகரெட் பிடிப்பீர்களா?” என்று கேட்டால் வெற்றிலை போடும் பாட்டி “இல்லை” என்பார், பொய்யுமில்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் வாயில் போடுவதையும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். புகையிலையை விட்டுப் பாக்கு மட்டும் போட்டால் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். பாக்கும் புற்றுநோய் தரும்.

பேரன் கையிலிருக்கும் வேப்பிலும் அதே நிக்கோட்டின்தான், மணம்தான் மாம்பழம். 31 மார்ச் 2023இல் வேப் திரவ நிக்கோட்டினை நச்சுச் சட்டப் பட்டியலிலிருந்து அரசாங்கம் நீக்கியது. புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான 852ஆம் சட்டம் 1 அக்டோபர் 2024இல் அமலுக்கு வரும்வரை, ஒன்றரை ஆண்டு, பிள்ளைகளுக்கு அதை விற்பதைத் தடுக்க ஒழுங்கான சட்டம் இல்லை. அது பெரிய தவறு என்பேன். இப்போது 18 வயது நிரம்பாதவருக்கு விற்பது குற்றம். விற்கும் கடையைப் பார்த்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுங்கள். விட நினைப்பவர் அரசுக் கிளினிக்கில் ‘எம்குவிட்’ சேவையைக் கேட்கலாம்.

அளவு மீறினால் முதலில் தூண்டிய நஞ்சே பிறகு ஏற்பியை அடைத்துவிடும்: வாந்தி, வியர்வை, வலிப்பு, மூச்சுத் திணறல். குழந்தை வேப் திரவத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தோலில் பட்டிருந்தால் தண்ணீரால் கழுவுங்கள். குழந்தை துவண்டாலோ மூச்சு திணறினாலோ உடனே 999. ஆலோசனைக்குப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தேசிய நச்சு மையம்: 1-800-88-8099. போத்தலைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு போங்கள்.