சன்னலோரத்தில் ஒரு விருந்தாளி

சிங்கப்பூரில் பனி பெய்வதில்லை. ஆனாலும், சைபீரியாவிலும் வடசீனாவிலும் குளிர் தொடங்கும்போது அங்குள்ள பறவைகள் பல நம் தீவை நாடி வருகின்றன. ஏறத்தாழ செப்டம்பர் முதல் மார்ச் வரை அவற்றை இங்கே காணலாம். பறவைகளைப் படம்பிடிக்கப் பலர் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்திற்குச் செல்கின்றனர். முழங்கால் வலியால் நடக்க இயலாத முதியவரும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் என்ன செய்வது?

அவர்கள் புக்கிட் பாஞ்சாங்கில் வசித்தால் வீட்டுச் சன்னலே போதும். ஜெங்ஹுவா இயற்கைப் பூங்காவும் பாங் சுவா பூங்கா இணைப்புப் பாதையும் அங்குள்ள அடுக்குமாடி வீடுகளை ஒட்டியே உள்ளன. தரையில் நிற்பவர் அண்ணாந்து படமெடுத்தால் பறவையின் வயிறும் வெளிறிய வானமும்தான் பதியும். மூன்றாம், நான்காம் மாடியில் இருப்பவருக்கோ மரக்கிளை கண்ணுக்கு நேராக இருக்கும்!

வடக்கிலிருந்து வரும் பழுப்புக் கீச்சானை எடுத்துக்கொள்வோம். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை கொண்ட சிறு பறவை இது. திறந்த கிளையில் அமர்ந்து, கீழே பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு, பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பும். ஆண்டுதோறும் அதே இடத்திற்கு வரும் கீச்சான்களும் உண்டு. ஆகவே, பறவையைத் துரத்த வேண்டியதில்லை. அதன் கிளையைத் தெரிந்துகொண்டால் போதும். நாள்தோறும் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது எளிது. அசையாமல் இருப்பவரைப் பறவைகளும் விரைவில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும்.

காலை 7.30 மணிக்குமேல் வெளிச்சம் இதமாக இருக்கும். அமர்ந்திருக்கும் பறவைக்கு நொடியில் 500இல் ஒரு பங்கு வேகம் பெரும்பாலும் போதும். கை நடுங்கினால் முழங்கைகளை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றிக்கொள்ளலாம். கண்ணாடி வழியே எடுக்கும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து விழும் பொருள் உயிரையே பறிக்கக்கூடும்.

சில நாடுகளில் தோட்டத்தில் தானியம் வைத்துப் பறவைகளை ஈர்ப்பார்கள். இங்கே, 2020இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி அனுமதியின்றி அவற்றுக்கு உணவளிப்பது குற்றம். அதற்குப் பதிலாக ஒரு செம்பருத்திச் செடியை வளர்க்கலாம். ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் தேன்சிட்டு அதைத் தேடி வரும். சில வேளைகளில் தாழ்வாரத்துச் செடியிலேயே பை போன்ற கூட்டைத் தொங்கவிடும். அப்போது ஃபிளாஷ் விளக்கு வேண்டாம். இலைகளை விலக்கவும் வேண்டாம். சற்றுத் தள்ளி அமர்ந்தால் தாய்ப்பறவை அச்சமின்றி வந்து குஞ்சுகளுக்கு இரை ஊட்டும்.