அரசியல் நிச்சயமின்மையும் சர்வதேச வணிக உபாயங்களும்

மாணவர்களே, நாடுகளுக்கிடையிலான அரசியல் நிலை நாளை எப்படி மாறும் என்று கணிக்க முடியாதபோது சர்வதேச வணிகம் என்ன செய்யும்? "செலவு அதிகரிக்கும்" என ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வோர் பலர். அது விளைவு மட்டுமே. நிறுவனம் எத்தீர்மானத்தை எடுத்தது, ஏன் எடுத்தது என்பதையும் விளக்குங்கள். செங்கடல் நெருக்கடியை உதாரணமாக எடுப்போம்.

2023 நவம்பரில் யேமனின் ஹூதி இயக்கத்தினர் செங்கடலில் வர்த்தகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். ஆசியாவிலிருந்து சுயெஸ் கால்வாய் ஊடாக ஐரோப்பா செல்லும் கப்பல்களுக்கு அதுவே வழி. ஒன்றைக் கவனியுங்கள்: அவ்வழியே சென்ற கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை தாக்கப்படவில்லை. ஆனால் அடுத்தது எது என்று எவருக்கும் தெரியாது. இதனால் யுத்த இடர்க் காப்புறுதிக் கட்டணம் கப்பலின் பெறுமதியில் ஏறத்தாழ 1% வரை உயர்ந்தது. 100 மில்லியன் டொலர் பெறுமதியான கப்பலாயின், ஒரு தடவை கடக்க 1 மில்லியன் டொலர்!

டிசம்பரில் செங்கடலைத் தவிர்த்த மேர்ஸ்க் கம்பனி, அம்மாத இறுதியில் திரும்பிச் செல்ல முயன்றது. 30ஆம் திகதி அதன் கப்பலொன்று தாக்கப்பட்டது. 2024 ஜனவரியில் கப்பல்களை ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அனுப்பத் தீர்மானித்தது. பயணம் சுமார் 10 நாட்கள் நீண்டது, எரிபொருட் செலவும் கூடியது. எனினும் இச்செலவை முன்கூட்டியே கணக்கிடலாம். கால அட்டவணை தயாரிக்கலாம். வாடிக்கையாளரிடம் மேலதிகக் கட்டணம் அறவிடலாம். தாக்குதலை அவ்வாறு கணக்கிட முடியாது. இதுவே உங்கள் விடையின் மையக் கருத்தாக இருக்க வேண்டும்.

உற்பத்தியாளரின் நிலை வேறு. இருப்பைக் குறைவாக வைத்து, தேவையான நேரத்தில் பாகங்களைத் தருவிப்பது சிக்கனமான முறைதான். கப்பல் நேரத்துக்கு வரும்வரை! பெர்லினுக்கு அருகிலுள்ள டெஸ்லா தொழிற்சாலை பாகங்கள் வராமையால் 2024 ஜனவரி 29 முதல் பெப்ரவரி 11 வரை உற்பத்தியின் பெரும்பகுதியை நிறுத்தியது. இத்தகைய நிலையில் நிறுவனங்கள் கூடுதல் இருப்பு வைக்கும், அருகிலுள்ள நாட்டில் இரண்டாவது வழங்குநரைத் தேடும், அவசரப் பொருட்களை விமானத்தில் அனுப்பும். கூடுதல் இருப்பில் தொழிற்படு மூலதனம் முடங்கும் என்பதையும் எழுத மறவாதீர்கள்.

இலங்கையில் இந்நெருக்கடியின் இரு பக்கங்களும் தெரிந்தன. பாதை மாறிய கப்பல்களால் 2024இன் தொடக்கத்தில், கொழும்பில் இறக்கி வேறு கப்பல்களில் ஏற்றப்படும் கொள்கலன்கள் அதிகரித்தன. அதே வேளை, ஐரோப்பாவுக்கு ஆடை அனுப்பிய நம் ஏற்றுமதியாளர் கூடிய கப்பற் கட்டணத்தைச் செலுத்தி, சரக்கு போய்ச் சேர மேலும் பல நாட்கள் காத்திருந்தனர்.