நூலகக் கைங்கரியம்

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களுள் ஒன்று, கோபுரத்துக்கும் மதிலுக்கும் அல்லாமல், ஏடுகளுக்காகச் செய்யப்பட்ட ஒரு தர்மத்தைச் சொல்லுகிறது. 13-ஆம் நூற்றாண்டில், ஹொய்சள மன்னர்களின் செல்வாக்குக் காவிரிக்கரை வரை பரவியிருந்த காலத்தில், பாலப்பள்ளி நீலகண்ட நாயக்கர் என்பார் அக்கோயிலில் சரசுவதி பண்டாரம் என்னும் நூல் நிலையத்தை ஏற்படுத்தி, அங்கே ஹயக்கிரீவரையும் சரசுவதியையும் வியாசரையும் எழுந்தருளச் செய்தார். விளக்குக்கும் திருமாலைக்கும் நிலம் விட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்க, சுவடிகள் வாழ்வதற்கும் ஓர் இடம் வேண்டுமென்று எண்ணிய அந்த மனிதரை, இன்று திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பொது நூலகங்களுக்காக ஊதியம் கருதாமல் உழைப்பவர்களின் முன்னோராகக் கொள்வதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள அந்தத் தீவுக்கும் புத்தகத்துக்கும் உள்ள சம்பந்தம் அதோடு அற்றுப்போகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கம் வாணி விலாஸ் அச்சகம் ஆதிசங்கரரின் நூல்களை 20 தொகுதிகளாக அழகுற அச்சிட்டு வெளியிட்டது. பிறகு அதே ஊரில், முறையான பள்ளிப் படிப்பு இல்லாமலே பல மொழிகளைக் கற்று, தமிழில் நயமான சித்திரங்களை எழுதிய குமுதினி வாழ்ந்தார். 1948-ல் திருச்சி சேவா சங்கத்தைத் தொடங்கிப் பெண்களுக்காக அரும்பாடு பட்டவரும் அவரே. வீட்டுப் பொறுப்புக்களின் நடுவே அவர் தேடித் தேடிப் படித்ததை நினைக்கும்போதெல்லாம், வாசலைத் தாண்டிப் புறப்பட இயலாத ஒருவருக்குப் புத்தகம் எவ்வாறு போய்ச் சேரும் என்ற வினா என் மனத்தில் எழுகிறது. அந்த வினாவுக்கு விடை காண முயல்கிறவர்களைப் பற்றித்தான் இக்கட்டுரை.

திருச்சி மேலப்புலிவார்டு சாலையிலுள்ள மாவட்ட மைய நூலகத்தோடும், தமிழ்நாடெங்குமுள்ள கிளை நூலகங்கள் பலவற்றோடும் இணைந்து வாசகர் வட்டம் என்ற பெயரில் இயங்கும் அமைப்புக்கள் உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அலுவலக உத்தியோகஸ்தர்கள், வியாபாரிகள், கல்லூரி மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் இவற்றில் அங்கம் வகிக்கிறார்கள். நூலகர் அரசாங்கத்தின் ஊழியர். இவர்களோ நூலகத்தின் அபிமானிகள். மாதந்தோறும் ஒரு நூலைப் பற்றிப் பேசச் செய்வது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடத்துவது, நவம்பர் 14 முதல் 20 வரை வரும் தேசிய நூலக வார விழாவுக்கு ஓடியாடி உழைப்பது, உறுப்பினர் சேர்ப்பது, ஆயிரம் ரூபாய் செலுத்தக்கூடியவர்களை அணுகி நூலகப் புரவலராக்குவது ஆகியவை இவர்களுடைய வழக்கமான காரியங்கள். புரவலர் செலுத்தும் தொகை சிறியதுதான். ஆனால் ஒரு மளிகைக் கடைக்காரரிடமோ மருத்துவரிடமோ சென்று, உங்கள் தெருவில் ஒரு நூலகம் இருக்கிறது என்று சொல்லி அத்தொகையைப் பெற்று வருகிறவர், அவரையும் அந்த நூலகத்தைப் பற்றிக் கவலைப்படும் ஒருவராக ஆக்கிவிட்டு வருகிறார்.

இத்தகைய அமைப்புக்கள் ஏன் அவசியமாகின்றன என்பதை உணர்ந்துகொள்ள, நம் நாட்டுப் பொது நூலகத்தின் பிறப்பைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, இங்கிலாந்து சென்று அங்குள்ள பொது நூலகங்கள் தொழிலாளரையும் குழந்தைகளையும் எவ்வாறு வரவேற்கின்றன என்று கண்டு திரும்பிய எஸ். ஆர். ரங்கநாதன், 1928-ல் உருவான சென்னை நூலகச் சங்கத்தின் உயிர்நாடியாக விளங்கினார். நூலகத்துக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும், நிலையான வருமானம் வேண்டும் என்பதில் அவர் கொண்டிருந்த உறுதி இறுதிவரை தளரவில்லை. 1933-ல் பஷீர் அகமது சயீது சட்டசபையில் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமற் போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு, கல்வி அமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் ஊக்கத்தால் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. சுதந்திர இந்தியாவில் அத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்படும் ஏற்பாடு அதனால் வந்தது. இன்று திருச்சியில் சொத்து வரி செலுத்துகிற ஒவ்வொருவரும், நூலகத்தின் பக்கம் ஒருமுறையேனும் திரும்பாதவராயினும், அதன் பொருட்டும் பணம் செலுத்துகிறார்.

கேரளத்தில் நூலக இயக்கம் வேறு வழியில் வளர்ந்தது. பி. என். பணிக்கர் ஊர் ஊராக நடந்து, ஆங்காங்கே மக்கள் தாமே நடத்திய வாசகசாலைகளை 1945-ல் ஒரு சங்கமாக இணைத்தார். அங்கே நூலகம் ஊராரின் உடைமையாகப் பிறந்தது. இங்கே சட்டத்தின் குழந்தையாகப் பிறந்தது. நம் வழியை நான் குறைகூற மாட்டேன். ஏழை ஊருக்கும் பணக்கார ஊருக்கும் வேற்றுமையின்றி 4,600-க்கும் மேற்பட்ட நூலகங்கள் தமிழ்நாட்டில் இன்று இருப்பதற்கு அதுவே காரணம். ஆயினும், அரசாங்கம் கட்டியது, அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் ஊராரிடம் வேரூன்றிவிட்டது. மரத்தடியிலும் திண்ணையிலும் பத்திரிகை படித்துக் காட்டிய காலத்திலும், திராவிட இயக்கத்தார் தெருமுனைகளில் படிப்பகம் வைத்த காலத்திலும் இருந்த உரிமைப் பாத்தியதை, பொது நூலகத்தின்மீது நமக்கு ஏற்படவில்லை. அதை மீட்டுத் தருவதே வாசகர் வட்டத்தின் தலையாய பணி; மற்றவை அதற்குப் பின்னால்தான்.

2022-ல் தமிழ்நாடு அரசு நூலக நண்பர்கள் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கிற்று. முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் முதலிய, நூலகத்துக்கு வர இயலாதவர்களின் இல்லங்களுக்குத் தன்னார்வலர்கள் புத்தகங்களை எடுத்துச் சென்று கொடுத்து, படித்து முடித்தபின் திரும்பப் பெற்று வருவதே அதன் சாரம். முதியவர்கள் மிகுந்த ஸ்ரீரங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் வேறில்லை என்பேன். உத்தர வீதியிலும் சித்திர வீதியிலும், பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, மாடிப்படி இறங்க முடியாமல் நாட்களைக் கழிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். புத்தகம் கொண்டுவருகிறவர் அவர்களுக்குப் புத்தகத்தை மட்டும் கொண்டுவருவதில்லை, பேசுவதற்கு ஒரு மனிதரையும் கொண்டுவருகிறார். நம் பகுதிக்கு இந்த எண்ணம் புதிதுமன்று. 1931-ல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்ற பெருமகனார் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அது எந்த அரசாங்கத்தின் உத்தரவுக்காகவும் காத்திருக்கவில்லை.

நூலகத்தை ஊரார் தம்முடையதாகக் கொள்வதற்கு இலங்கையிலும் சான்று உண்டு. 1933-ல் யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா தம் வீட்டிலேயே தொடங்கிய சிறு நூலகம்தான், பின்னர் ஊரார் நிதி திரட்ட, ரங்கநாதனின் ஆலோசனையும் கிடைக்க, யாழ்ப்பாணப் பொது நூலகமாக ஓங்கியது. 1981-ல் அது எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தத் துயரம் இன்றளவும் தமிழர் நெஞ்சில் ஆறாதிருப்பதற்கு, அந்நூலகம் தம் பொருளும் உழைப்பும் கலந்தது என்று அவ்வூரார் உணர்ந்திருந்ததும் ஒரு காரணமென்று தோன்றுகிறது.

நம் நூலகங்களில் இக்காலத்தில் காலை முதல் இரவுவரை அமர்ந்திருப்பவர்களுள் பெரும்பாலோர் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். கதையும் கவிதையும் படிக்க ஆளில்லை, வழிகாட்டி நூல்களைத்தான் தேடுகிறார்கள் என்று வருந்துகிற பெரியவர்கள் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. வீட்டில் தனி அறையோ அமைதியோ இல்லாத குடும்பத்துப் பிள்ளை, மின்விசிறியின் கீழ் ஒரு நாற்காலியையும் மேசையையும் கட்டணமின்றிப் பெறக்கூடிய இடம் ஊரில் அது ஒன்றுதான். அவர்களுக்குத் தேர்ந்த ஆசிரியர்களைக் கொண்டு இலவசமாக வகுப்பு நடத்துவதும் மாதிரித் தேர்வு வைப்பதும் மகத்தான உபகாரம். அந்த வகுப்பு முடிந்த மாலையில் ஒரு நாவலைப் பற்றிய பேச்சு அதே கூடத்தில் நடக்குமானால், அவர்களில் சிலர் எழுந்து போகாமல் இருந்து கேட்பார்கள்.

ஆனால் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். தன்னார்வலரின் சேவை, நூலகர் இல்லாத குறையை நிரப்புவதற்கான மலிவான உபாயமாகிவிடக் கூடாது. ஊர்ப்புற நூலகத்தில் ஒருவரே கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, புத்தகம் வழங்கி, பதிவேடு எழுதும் நிலை இருக்கும்போது, அங்கே செல்லும் வட்டத்தார் முதலில் கேட்க வேண்டியது இன்னோர் ஊழியரை. நூலக வரி இப்போது சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து வீதம். உள்ளாட்சி அமைப்புக்கள் அதை வசூலித்துவிட்டு, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் செலுத்தாமல் நிலுவை வைப்பது பல இடங்களில் நெடுநாளைய குறையாக இருந்துவருகிறது. ஸ்ரீரங்கம் 1994-ல் திருச்சி மாநகராட்சியோடு இணைந்தது முதல் அத்தீவிலிருந்து திரளும் வரியும் பெருநகரின் கணக்கில்தான் சேருகிறது. காமராசர் பெயரால் திருச்சியில் பெரியதொரு நூலகத்துக்கான ஏற்பாடுகள் நடந்துவரும் இந்நாளில், நம் தெருக்களிலுள்ள கிளை நூலகங்களுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு வரி வரவேண்டும், எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவுக்குப் புதுப் புத்தகம் வாங்கப்பட்டது என்ற மூன்று கணக்குகளையும் வாசகர் வட்டங்கள் மரியாதையோடு கேட்டுப் பெற்று, அவரவர் நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்க வேண்டும்.