'எப்' எழுத்து இருக்கா? போல்ட்டை வீசாதீங்க!

"2-ம் உலகப் போர்ல ஓடின ஒரிஜினல் ஜீப் சார்!" என்று புரோக்கர் அடித்துச் சொல்வார். விலை எகிறும். வாங்கியவர் அப்புறம் கையைப் பிசைவார். ஆனால் நிஜமா, டூப்பா என்பதை வண்டியே சொல்லிவிடும்!

1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு என 2 கம்பெனிகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ராணுவ ஜீப் தயாரித்தன. மொத்தம் 6 லட்சத்துக்கும் மேல். மகிந்திரா கம்பெனி இந்தியாவில் ஜீப் பூட்ட ஆரம்பித்தது 1947-ல்தான். அதாவது போர் முடிந்த பிறகு!

கிரில்லை எண்ணு!

முன்பக்க கிரில்லில் 9 திறப்பு இருந்தால் ராணுவ ஜீப். 7 என்றால் பொதுமக்களுக்கு வந்தது. ஆரம்பகால வில்லிசுக்கு மட்டும் இரும்புப் பட்டைகளை வெல்டு வைத்த கிரில்.

கிரில்லை மாற்றிவிடலாமே? மாற்றலாம். அதனால் சேசிசையும் பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் கீழே குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த 'யு' வடிவில் இருந்தால் போர்டு.

போல்ட்டிலும் முத்திரை

போர்டு கம்பெனி தன் போல்ட், பிராக்கெட் என்று சின்னச் சின்ன சாமான்களிலும் ஆங்கில 'எப்' எழுத்தைக் குத்தி அனுப்பியது. ரிப்பேருக்கு விடும்போது இங்கேதான் ஆபத்து! துருப்பிடித்த பழசு என்று கழற்றி வீசுவார்கள்; பளபள புதுசு ஏறிவிடும். வண்டி ஓடும். ஆனால் அது போர்டு ஜீப் என்பதற்கான சாட்சி காயலான் கடைக்குப் போயிருக்கும்!