ஒருமுறை கட்டளை, பலமுறை பணி

கொல்கத்தாவில், சியால்தாவிலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதையில் டாக்குரியாவை அடுத்த நிலையம் ஜாதவ்பூர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1966-ஆம் ஆண்டில் ‘இசிஜு-1’ என்னும் மின்னணுக் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. டிரான்சிஸ்டர்களால் ஆன இப்பொறியை அப்பல்கலைக்கழகமும் இந்தியப் புள்ளியியல் கழகமும் கூடி அமைத்தன. அதே பத்தாண்டில், அதே நகரில், கணிப்பொறி வந்தால் தங்கள் பிழைப்புக்கு ஊறு நேரும் என்று அஞ்சிய ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் அதனை நிறுவவிடாது போராடினர். எந்த வேலையைப் பொறியிடம் விடலாம், எதனை மனிதன் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அன்று எழுந்த வினா. ஒவ்வொரு மேசையிலும் கணிப்பொறி அமர்ந்துள்ள இன்றும் அவ்வினா மறையவில்லை. மின்னஞ்சல் வேலையே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

நாற்பது பள்ளிகளை மேற்பார்வையிடும் வட்டார அலுவலகம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மாத அறிக்கை வராத பள்ளிகளுக்கு நினைவூட்டு அஞ்சல் விடுக்க வேண்டும். வாசகம் ஒன்றே, பெயரும் முகவரியும் மட்டுமே மாறும். ஓர் அஞ்சலுக்கு மூன்று நிமிடம் என்றாலும், நாற்பது அஞ்சல்களுக்கு இரண்டு மணி நேரம் செலவாகும். களப்பணிக்கு உரிய நேரம் இவ்வாறு கழிகின்றது.

இத்தகைய வேலைக்கு உதவுவது ‘மேக்ரோ’. கிரேக்க மொழியில் இச்சொல்லுக்குப் ‘பெரியது’ என்று பொருள். பல சிறு கட்டளைகளை ஒரு பெயரின் கீழ்த் தொகுத்து, அப்பெயரைச் சொன்னவுடன் அனைத்தையும் வரிசையாக நிறைவேற்றச் செய்வதே இம்முறை. 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்ராய் இம்முறையை விரிவுபடுத்திக் கட்டுரை வெளியிட்டார்.

செய்முறை எளிது. முதலில் பள்ளியின் பெயர், மின்னஞ்சல் முகவரி, அறிக்கை வந்த நாள் ஆகியவற்றை எக்செல் போன்ற விரிதாளில் அட்டவணைப்படுத்த வேண்டும். பின்னர் ‘மேக்ரோ பதிவு’ என்னும் வசதியை இயக்கி, அறிக்கை வராத பள்ளிகளை மட்டும் பிரித்தெடுக்கும் வேலையை ஒருமுறை செய்து காட்டினால், பொறி அதனை நினைவிற் கொள்ளும். இறுதியாக, சொற்செயலியில் உள்ள ‘அஞ்சல் இணைப்பு’ வசதியால், வெற்றிடங்கள் விட்டு எழுதிய ஒரே கடிதத்தில் அவ்வப் பள்ளியின் பெயரைப் பொருத்தலாம்.

எனினும், பொறி சொன்னதைச் செய்யுமேயன்றி, சொல்ல மறந்ததைச் செய்யாது. மேற்கூறிய அட்டவணையில் பள்ளிகள் 2-ஆம் வரிசை முதல் 41-ஆம் வரிசை வரை உள்ளன என்று கொள்வோம். பதிவான மேக்ரோவில் அவ்வெல்லை அப்படியே நிலைத்திருந்தால், அடுத்த மாதம் 42-ஆம் வரிசையிற் சேர்க்கப்படும் புதிய பள்ளி விடுபட்டுப்போகும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. தட்டச்சில் நேரும் பிழை ஒரு கடிதத்தோடு முடியும். மேக்ரோவில் நேரும் பிழையோ மாதந்தோறும் தொடரும்.

அயலார் எழுதிய மேக்ரோவால் வரும் கேடு இதனினும் பெரிது. 1999-ஆம் ஆண்டு மார்ச்சில் பரவிய ‘மெலிசா’, சொற்செயலி ஆவணத்தில் மறைந்திருந்த ஒரு மேக்ரோவே. ஆவணத்தைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலிலிருந்து முதல் ஐம்பது முகவரிகளுக்கு அது தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022-ஆம் ஆண்டு முதல் இயல்பாகவே தடுத்து வருவது இத்தகைய அனுபவங்களின் பயனாகும்.

ஆகவே சில விதிகளைக் கைக்கொள்ளுதல் நலம். அறியாதவர் அனுப்பிய கோப்பில் மேக்ரோவை இயக்கலாகாது. இணைத்த கடிதங்களை உடனே அனுப்பாமல், முதலில் ஆவணமாக்கிப் படித்துப் பார்க்க வேண்டும். அறிக்கை தந்த பள்ளிகளையும் கடிதம் பெறும் பள்ளிகளையும் கூட்டினால், அலுவலகப் பதிவேட்டில் உள்ள மொத்த எண்ணிக்கை வருகின்றதா என்று சரிபார்த்தல் இன்றியமையாதது.

இச்சோதனைக்குச் சில நிமிடங்களே தேவை. மீண்டும் மீண்டும் எழுதும் உழைப்பைப் பொறி ஏற்கட்டும். எந்தப் பள்ளியும் விடுபடாமற் காக்கும் பொறுப்பு அலுவலருடையதே.